படத்தின் பின்பக்கம்

என் மேசை லாச்சியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடக்கிறது. தபாலட்டையில் பாதி அளவு. வெள்ளவத்தை ஸ்ரேசனில் நீராவி என்ஜின் ஒன்று நாலு பெட்டிகளோடு நிற்கிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் 1950களில் யாரோ கடற்கரைப் பக்கம் நின்று எடுத்த படம் என்றுதான் சொல்வீர்கள். கிட்டக் கொண்டுவந்தால் பிளாட்போமில் நிற்கிற மனிதருக்கு மூக்கு இல்லை என்பது தெரியவரும். பின்பக்கத்தைத் திருப்பினால் நாலு பேருடைய கையெழுத்து, எல்லாம் பென்சிலில்.

"வால் விளக்கு எங்கே?" என்று ஒருவர். "கடல் ஓட்டுக்கு மேல நிக்குது" என்று இன்னொருவர். ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் என்ஜினுக்குச் சம்பளம் யார் எடுக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் மூன்றாமவர். நாலாவது, கொட்டாஞ்சேனை அண்ணருடையது: "22."

வெறும் இலக்கம். அதற்கு முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லை.

அண்ணரை நான் சந்தித்தது 1974இல், பஞ்சிகாவத்தையில், பழைய சாமான் கடை ஒன்றில். பாணுக்கே விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது. அதில் விளையாட்டு றெயிலை யார் கொண்டுவந்து விற்பார்? லண்டனில் படித்த மாமா அறுபதுகளில் கொண்டுவந்து தந்த ஹோர்ன்பி டப்ளோ பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதன் பற்சில்லு தேய்ந்துபோக, பழைய சுவர்க் கடிகாரம் ஏதும் கிடைக்குமா என்று தேடிப் போனேன். கிடைத்ததை நான் ஒரு பக்கம் பிடிக்க, மற்றப் பக்கத்தை வேறொரு கை பிடித்தது.

"தம்பிக்கு இது எதுக்கு?"

"சில்லு எடுக்க, அண்ணே. சின்ன றெயில் ஒண்டுக்கு."

அவர் கடிகாரத்தை விடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கும் அதுக்குத்தான்" என்றார். விலையை ஆளுக்குப் பாதி கொடுத்தோம். பெரிய சில்லுகள் அவருக்கு, சின்னவை எனக்கு. கடிகாரத்தின் முள் இரண்டையும் என்ன செய்தோம் என்பது நினைவில்லை. அவர் எதையும் எறிகிறவர் அல்ல, ஏதோவொரு லீவராகியிருக்கும்.

அண்ணருக்குத் துறைமுகப் பக்கத்து வேர்க்சொப் ஒன்றில் கடைச்சல் வேலை. வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து இறங்குகிற ஒரு சந்தில். ஞாயிறு காலை புனித லூசியாள் பேராலயத்தில் பூசை கண்டுவிட்டு வந்தாரென்றால் இரவு வரைக்கும் பின்கட்டில் அவருடைய என்ஜின்தான். களனிவெளிப் பாதையில் ஓடிய சின்ன டாங்கி என்ஜின். அந்தப் பாதை இரண்டரை அடி அகலம். கொழும்பிலிருந்து அவிசாவளை போய், பிறகு இரத்தினபுரி, ஓபநாயக்கா வரைக்கும் நீண்டது. அண்ணர் அடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கு வைத்தார். தண்டவாள இடைவெளி ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம். கடையில் அந்த அளவுக்கு ஒன்றும் வாங்கமுடியாது. முழுவதும் கையால் செய்கிறவருக்குக் கடை எதற்கு?

கொதிகலன் செப்புக் குழாய். அதை ஒட்டியது ரெயில்வேக்காரர் யாருமல்ல, செட்டியார் தெருப் பத்தர் ஒருவர். சாதாரண ஈயப் பற்று 183 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். தண்ணீர் வற்றியது தெரியாமல் அடுப்பு எரிந்தால் கொதிகலன் பிரிந்துவிடும். வெள்ளிப் பற்றுக்கு 600க்கு மேல் வேண்டும். பத்தர் வெண்காரம் பூசி, வெள்ளிப் பொடி வைத்து, தாலிக்கொடி ஒட்டுகிற அதே பொறுமையோடு ஊதினார். கூலி கேட்கவில்லை. ஓடுகிற அன்றைக்குக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டோம். கிணற்றடியிலிருந்து குசினி வாசல் வரைக்கும் பதினெட்டு அடிப் பாதை. ஸ்பிரிட் விளக்கின் மூன்று திரியும் எரிய, பத்து நிமிடம் கழித்து என்ஜின் இரண்டு முறை இருமியது, கறுப்புத் தண்ணீரைத் துப்பியது, பிறகு தானே நகர்ந்தது. பத்தர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் கொதிகலனின் மூட்டை மட்டும் குனிந்து பார்த்தார்.

செய்ததைப் படமெடுத்து யாருக்காவது அனுப்பவேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது. என் தண்டவாளம் சாப்பாட்டு மேசையளவு பலகையில் ஆணியடித்தது, அதைத் தூக்கிக்கொண்டு 102ஆம் இலக்க பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போகமுடியாது. அண்ணருடைய என்ஜினும் அப்படித்தான். மற்றவர்கள் இன்னும் தூரம். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த ஒரு மாஸ்ரர். மாகோ சந்திப் பக்கம் வேலை பார்த்த சிங்கள காட் ஒருவர், நான் அவரை 'ஐயே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார். ஒருகாலத்தில் இங்கே என்ஜின் ஓட்டி, பிறகு பல பறங்கியர் குடும்பங்களைப் போல அவுஸ்திரேலியா போய் மெல்பேணில் குடியேறிய ஒரு முதியவர். ஒருவர் மற்றவரைச் சொல்லி, அவர் இன்னொருவரைச் சொல்லிச் சேர்ந்த ஐந்து பேர். ஐவரும் ஓரிடத்தில் கூடியது ஒருநாளும் கிடையாது.

விதி ஒன்றே ஒன்று. படம் சுற்றுக்குப் போகும். கிடைத்தவர் பின்பக்கத்தில் பிழையைப் பென்சிலால் எழுதி அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். கடைசி ஆள் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். "நல்லாயிருக்கு" என்று எழுதுவதற்கு இடமில்லை. இந்த விதியைப் போட்டவர் மாஸ்ரர். நல்லாயிருக்கிறது என்பது அனுப்பினவனுக்கு ஏற்கனவே தெரியும், அல்லாவிட்டால் அனுப்பியிருக்க மாட்டான் என்பது அவர் வாதம். மெல்பேணுக்கு மட்டும் செலவு கூட. வான்கடிதத்துக்குள் எதையும் வைக்கக்கூடாது. உறையில் போட்டால் கிராம் கணக்கு. அதனால்தான் படங்களெல்லாம் அந்தச் சின்ன அளவு.

படமெடுப்பது என்ஜின் செய்வதிலும் பார்க்கக் கஷ்டம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். முதலில் இருந்தது ஒரு அக்பா கிளிக். ஆள்களை முற்றத்தில் நிற்பாட்டி எடுக்கிற கமரா. கிட்டப் போனால் மங்கிவிடும். காலமாகிப்போன அம்மம்மாவின் மூக்குக் கண்ணாடியில் ஒரு வில்லையைக் கழற்றிக் கமராவின் முன்னால் ஒட்டினேன். அவருடையது இரண்டு இலக்கக் கண்ணாடி. தூரத்துக்குப் பார்க்கும் கமராவுக்கு முன்னால் அதை வைத்தால் அரை மீற்றரில் இருப்பது தெளியும். நூலில் முடிச்சுப் போட்டு அரை மீற்றர் அளந்து எடுத்தேன். என்ஜினின் முகம் தெளிவாகவும் வால் பக்கம் பஞ்சுபோலவும் விழுந்தது. கண் ஒரு பொருளை 'சின்னது' என்று கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். உண்மையான றெயிலைப் படமெடுத்தால் முன்னும் பின்னும் ஒன்றுபோல் தெளிவாக இருக்கும். பொம்மையை எடுத்தால் ஒரு சாண் மட்டும்தான் தெளியும். துளையைச் சுருக்கினால் தப்பலாம். கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் நண்பர் ஒருவரிடம் இரட்டைக்கண் யாஷிகாவை இரவல் வாங்கினேன். அதில் துளையை 22 வரைக்கும் சுருக்கலாம். சுருக்கினால் வெளிச்சம் போதாது. ஜன்னல் வெளிச்சத்தில் எட்டுச் செக்கன் திறந்து வைத்திருக்க வேண்டும்.

எட்டுச் செக்கன்! அங்கேதான் சிக்கல். அப்போது மெரின் டிரைவ் இல்லை. எங்கள் ஒழுங்கை நேரே போய்த் தண்டவாளத்தில் முடியும். அதற்கப்பால் கருங்கல், அதற்கப்பால் கடல். காலி றெயில் போனால் வீட்டு அலுமாரியில் கோப்பைகள் பேசத் தொடங்கும். என் பலகையில் நிற்கிற றெயிலும் சேர்ந்து நடுங்கும். ஆகவே ஸ்ரேசனில் நேர அட்டவணையைப் பார்த்து எழுதிவந்து சுவரில் ஒட்டி, நிஜ றெயில் இரண்டுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் பொம்மை றெயிலைப் படமெடுத்தேன். நேரத்துக்கு ஓடாத றெயில்களால் நான் பாழாக்கிய பிலிம் கொஞ்சமல்ல. உப்புக் காற்று வேறு. தகரத் தண்டவாளம் கிழமைக்கொருமுறை துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய்த் துணியோடு அம்மா என்னைத் திட்டிக்கொண்டே துடைப்பார்.

அடுத்தது கண் மட்டம். பொம்மை றெயிலை மேலே நின்று எடுத்தால் அது பருந்து பார்க்கிற றெயில். பிளாட்போமில் நிற்கிற மனிதனின் கண் உயரத்தில் வில்லை இருக்கவேண்டும். என் அளவில் அடிக்கு நாலு மில்லிமீற்றர். ஐந்தரை அடி மனிதன் 22 மில்லிமீற்றர்தான். எந்தக் கமராவின் வில்லையும் அவ்வளவு பதிந்து இருக்காது. மாஸ்ரர் சொல்லித் தந்த வழி, சின்னக் கண்ணாடித் துண்டொன்றைப் பிளாட்போமில் சாய்த்து வைத்து, கண்ணாடிக்குள் தெரிவதைப் படமெடுப்பது. வலம் இடமாகிவிடும், நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிறிண்ட் எடுத்தால் நேராகிவிடும். இதை ஸ்ரூடியோவில் விளங்கப்படுத்தினேன், தலையாட்டினார்கள், வழக்கம்போல எடுத்துத் தந்தார்கள். வெள்ளவத்தைப் பெயர்ப் பலகையின் மூன்று மொழியும் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. பிடிவாதத்தில் அதையும் சுற்றுக்கு விட்டேன். ஐயே பின்பக்கத்தில் எழுதினார்: "மல்லி, சிங்களத்தை நீ பேசுகிற மாதிரியே எழுதியும் இருக்கிறாய்."

மாஸ்ரரின் கடல் விவகாரமும் இங்கே சொல்லவேண்டும். நான் பின்னணிக்குக் கடலும் வானமும் வரைந்த மட்டையை நிறுத்தியிருந்தேன், அழகாகத்தான் இருந்தது. தொடுவானம் எப்போதும் பார்க்கிறவனின் கண் மட்டத்தில்தான் நிற்கும், மாடியில் ஏறினால் அதுவும் கூடவே ஏறும் என்று மாஸ்ரர் ஒரு கீறல் படமே போட்டு அனுப்பினார். என் கடல் ஸ்ரேசன் கூரைக்கு மேலே நின்றது. "இந்தக் கணக்கில பிளாட்போமில நிக்கிற சனம் எல்லாம் தாண்டு போயிருக்கும்." அடுத்த நாள் மாலை கடற்கரைக்குப் போய் நின்று பார்த்தேன், குந்தி இருந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. இருபத்திரண்டு வருடம் அந்தக் கடலுக்கு முன்னால் வளர்ந்தவன் நான்.

ஐயேக்கு வால் விளக்கு. கடைசிப் பெட்டியின் பின்னால் அந்த விளக்கு போகிறதைக் கண்டால்தான் றெயில் முழுதாகப் போயிற்று என்று சிக்னல்காரர் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் நடுவழியில் பெட்டி கழன்று நிற்கிறதென்று பொருள். நான் பெருமையோடு வைத்திருந்த டப்லட் வளையத்தையும் அவர் விடவில்லை. ஒற்றைப் பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு றெயில் புகாமலிருக்கத்தான் டப்லட். வெள்ளவத்தையில் இரட்டைப் பாதை. வளையத்தைக் கழற்றினேன்.

"22" என்பதுதான் விளங்கவில்லை. கமராவின் துளையைச் சொல்கிறாரா? கண் மட்டத்தையா? இரண்டும்தான் சரியாக இருந்ததே. ஒரு கிழமை பொறுத்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அண்ணர் அரத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"எங்கட பெரிய பாதை எத்தினை அடி?"

"அஞ்சரை."

"நாலால பெருக்கு."

இருபத்திரண்டு. என் ஹோர்ன்பித் தண்டவாளம் பதினாறரை மில்லிமீற்றர். இங்கிலாந்தில் அந்தக் காலத்து மோட்டார் சின்ன உடலுக்குள் அடங்காதபடியால் உடலைப் பெரிதாக்கி, பாதையைச் சின்ன அளவிலேயே விட்டார்கள். அவர்களுடைய பாதைக்கே அது ஒடுக்கம். எங்களுடையது அதைவிட அகலம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது உலகத்தின் அகலப் பாதைகளில் ஒன்று. "உன்ர றெயில் நாலடி ஒன்றரை அங்குலப் பாதையில ஓடுது, தம்பி. அப்பிடி ஒரு பாதை எங்க இருக்கு?" ஐந்தரை அடி மனிதனைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்தால் தலையும் காலும் தட்டவேண்டும் என்றார். என் மூக்கில்லாத மனிதனை வைத்துப் பார்த்தேன். தலை வெளியே நின்றது.

முழுவதையும் பிடுங்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளினேன். அதன்பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அண்ணர் அதையே எழுதினார். 22. 22. 22.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. எங்கள் ஒழுங்கைக்கு, தமிழர் வீடுகளை எரித்துக்கொண்டு திரிந்த கும்பல் வந்தபோது நாங்கள் பின்வீட்டு மதிலுக்கு அப்பால் இருந்தோம். வீடு எரிந்தது. பலகையில் அரக்கும் தகரமும் சேர்ந்து ஒரு கட்டியாகிக் கிடந்ததாகப் பிறகு போய்ப் பார்த்த மச்சான் சொன்னார். நெகட்டிவ் எல்லாம் அலுமாரிக்குள் இருந்தவை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் சில நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. றெயில் பைத்தியம் பிடித்தவன் ஊருக்குக் கடலால் போய்ச் சேர்ந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மாஸ்ரர் வந்து பார்த்தார். ஆறுதல் வார்த்தை அவருக்கு வராது. மலிபன் பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். அதற்குள் பத்தொன்பது படம். ஐயே மூன்று மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒன்பது அனுப்பினார், கடிதம் இல்லை. மெல்பேணிலிருந்து ஆறு. எனக்குத் திரும்பிவந்தது ஐம்பத்துச் சொச்சத்தில் முப்பத்துநாலு. என் வீட்டில் எஞ்சிய பொருள் என்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை. ஆறுதலுக்காகப் படங்களைத் தரையில் பரப்பினேன். அம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்த முதல் தடவை அது. "எல்லாருமாச் சேர்ந்து உன்னை இவ்வளவு பேசியிருக்கினமே!"

1986இல் கொழும்புக்கு மீண்டேன். வெள்ளவத்தையிலேயே ஒரு அனெக்ஸ்; கட்டிலுக்கு மேலே ஒரு தட்டு அடிக்க மட்டும் இடம். ஆறடி நீளம், ஓரடி அகலம். முப்பத்துநாலு பின்பக்கங்களையும் ஒரு கொப்பியில் பிரதி பண்ணி வைத்துக்கொண்டு தொடங்கினேன். வால் விளக்கு முதலில். தொடுவானம் கண் மட்டத்தில். தண்டவாளம் 22 மில்லிமீற்றர், கையால் அடித்தது. ஸ்ரேசன் மட்டும் வெள்ளவத்தை இல்லை, சாவகச்சேரி. வடக்கில் முதல் றெயில் ஓடியது அதற்கும் காங்கேசன்துறைக்கும் இடையில்தான், 1902 மார்ச் 11இல். கொழும்போடு தொடுத்தது 1905இல். காலம் 1955 என்று வைத்துக்கொண்டேன். அடுத்த ஏப்ரலில் யாழ்தேவி டீசலில் வந்துவிடும். எனக்குக் கரிப்புகை வேண்டும். அங்கே ஒற்றைப் பாதை, ஆகவே டப்லட் வளையமும் திரும்பி வந்தது. ஐயே அதற்கு ஒன்றும் எழுதவில்லை.

மாஸ்ரர் முன்பு எங்களுக்காகச் சாவகச்சேரி ஸ்ரேசனை எடுத்தனுப்பிய படங்களை வைத்துத்தான் கட்டினேன். 1990 ஜூனில் போரினால் வடக்குக்கு றெயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போயின. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது மாஸ்ரர் ஒரு சைக்கிளோடு வெளிக்கிட்டார். அவருடைய படங்கள் வீட்டோடு போயின. இந்த முறை பிரதி எடுத்து அவருக்கு அனுப்பியது நான். கிடைத்ததென்று எழுதினார். கூடவே, கூரை ஓட்டின் வரிசை ஒன்று குறைகிறது என்றும்.

அண்ணர் 1991இல் மகனோடு கனடா போய்விட்டார், என்ஜினைத் துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுபோனார். அவர் படமெடுக்கச் சொன்ன ஒரே காரியம் நீராவி. கொட்டாஞ்சேனையில் ஒருநாளும் அது படத்தில் விழவில்லை. எங்கள் வெக்கையில் நீராவி புகைபோக்கியை விட்டு வெளிவந்ததும் காற்றோடு கலந்து காணாமல் போய்விடும். மழை விட்ட விடியற்காலையில், கறுப்புத் துணி பின்னால் பிடித்து, வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தும் ஒரு மயிரிழைதான் வந்தது. சில வருடங்களுக்குப் பிறகு ஸ்காபரோவிலிருந்து ஒரு வண்ணப் படம் வந்தது. வீட்டின் பின்வளவு, முழங்காலளவு பனி, வழித்துவிட்ட பாதையில் களனிவெளி என்ஜின். அந்தக் குளிரில் அது விட்ட நீராவி மேகம் என்ஜினையே பாதி மூடியிருந்தது. இருபது வருடம் தேடியது.

நான் பின்பக்கத்தில், "அவிசாவளையில் எப்போது பனி கொட்டியது?" என்று எழுதி மாகோவுக்கு அனுப்பினேன்.

இப்போது ஐவரில் இருவர்தான் இருக்கிறோம். களனிவெளிப் பாதையும் தொண்ணூறுகளில் அகலப்பாதையாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில் றெயில் திரும்பியது. ஸ்ரேசன்கள் புதியவை, நல்லவை, ஆனால் பழையவை அல்ல. என் தட்டில் சாவகச்சேரியின் தென்கோடி இன்னும் வெறும் பலகையாகத்தான் கிடக்கிறது; மாஸ்ரர் அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை, ஊகித்துக் கட்ட எனக்குத் துணிவில்லை. உங்கள் வீட்டு அல்பத்தில், யாரையோ வழியனுப்பப் போன அன்றைக்கு எடுத்த படமாக, பின்னணியில் அந்த ஸ்ரேசனின் ஒரு மூலை இருக்கலாம். 1990க்கு முந்திய எந்தப் படமானாலும் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து இன்னொருவர் வீட்டிலும் வையுங்கள். பின்பக்கத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பென்சில் போதும்.